கோடை முடிகிற நேரம், மாடித்தோட்டத்தில் எதை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்குவது?

கேள்வி இதுதான்: “சென்னையில் மொட்டை மாடியில் முப்பது பைகளில் காய்கறி வளர்க்கிறேன். எல்லாம் மாசியில் விதைத்தவை. வைகாசி முடியப் போகிறது. தக்காளியில் பூ கொட்டுகிறது, தப்பிப் பிழைத்த நாலைந்து காயும் அடிப்பக்கம் கறுத்துவிட்டது. பாகலும் புடலையும் பிஞ்சிலேயே மஞ்சளாகி விழுகின்றன. வெண்டை இலை மஞ்சள், கத்தரியில் புழு, மிளகாயில் இலைச் சுருட்டல். வேப்பெண்ணெய், பஞ்சகவ்யம், மீன் அமிலம், தேமோர்க் கரைசல் என்று மாற்றி மாற்றி அடித்துப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு ஆடியில் புதிதாகத் தொடங்கலாமா?”

எல்லாவற்றையும் பிடுங்க வேண்டாம். கத்தரியும் மிளகாயும் இருக்கட்டும். தக்காளிக்கு விடை கொடுத்துவிடலாம். வெண்டையில் நரம்பே மஞ்சளாகியிருந்தால் தாமதிக்காமல் பிடுங்குங்கள். பாகல், புடலைக்கு ஒரு வாரம் தவணை கொடுங்கள், அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் அந்தத் தெளிப்பானைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் பாதிக்குமேல் வெயிலும் தண்ணீரும் செய்கிற வேலை. அதற்கு எந்தக் கரைசலும் மருந்தாகாது. மீதி இருப்பதில் வெண்டையின் மஞ்சள் பெரும்பாலும் வைரஸ் நோய், அதற்கும் மருந்து கிடையாது. தெளிக்க உண்மையான காரணம் இருப்பது மிளகாய்க்கு மட்டும்தான், அதுவும் என்ன பூச்சி என்று பார்த்த பிறகு. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் என்பது நல்ல அளவுதான், ஆனால் இந்த வெயிலில் காலை எட்டு மணிக்கு மேல் அடித்தால் எண்ணெய் படிந்த இலை ஓரம் ஓரமாகக் கருகும். உங்கள் செடிகளில் இலை விளிம்பு பழுப்பாகி மொறுமொறுவென்று இருந்தால் வெயிலோடு தெளிப்பானையும் சந்தேகப்படுங்கள்.

அடிக்கடி தெளிப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. பொறிவண்டு, ஒட்டுண்ணிக் குளவி மாதிரி நமக்கு வேலை செய்கிறவையும் அதில் போய்விடும். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடாமல் பரவியபோது அடிக்காத மருந்தில்லை. கடைசியில் அதை அடக்கியது 2010இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்கிற குட்டியூண்டு குளவி. மாடியில் அத்தனை பெரிய சங்கதி நடக்காது. இருந்தாலும் கணக்கு அதேதான்.

சரி, வெயிலுக்கு வருவோம். கத்திரி வெயில் முடிந்தால் சூடு இறங்கும் என்று பஞ்சாங்கத்தை நம்பிக் காத்திருப்பவர்கள் சென்னையில் ஏமாந்துதான் போவார்கள். 2003இல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது மே 31 அன்று, கத்திரி கழிந்த பிறகு. காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது ஈரத்தையெல்லாம் மேற்கே கொட்டிவிட்டு வறண்ட அனலாக வருகிறது. அது பலமாக வீசும் நாளில் கடற்காற்று பிற்பகல் வரை ஊருக்குள் நுழைய முடியாது. தென்காசிக்காரருக்கும் கோவைக்காரருக்கும் அதே காற்று சாரலோடும் குளிர்ச்சியோடும் வரும். ஆகவே ‘ஜூனில் என் தக்காளி பிரமாதமாகக் காய்க்கிறது’ என்று கோவையிலிருந்து யாராவது படம் போட்டால் அதைப் பார்த்து மனம் நோகாதீர்கள். உங்களுக்குச் சென்னைக் காலண்டர்தான்.

தக்காளிப் பூ கொட்டுவதற்குப் பகல் வெயிலைவிட இரவுச் சூடுதான் பெரிய காரணம். பகலில் 35ஐத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழக்கும். இரவில் 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். சென்னையில் இந்த மாதங்களில் இரவே 27, 28 டிகிரியில் நிற்கிறது. போதாததற்கு மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி பன்னிரண்டு வரை கக்கிக்கொண்டிருக்கும். ராத்திரி பத்து மணிக்குச் செருப்பில்லாமல் மாடியில் நின்று பாருங்கள், அந்தச் சூட்டில்தான் பையின் அடி உட்கார்ந்திருக்கிறது. இரண்டு செங்கல் வைத்தோ, பழைய மரப்பலகை போட்டோ பைகளைத் தளத்திலிருந்து தூக்கி வைத்தாலே வேருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அதனால் தக்காளி காய்க்க ஆரம்பித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர்க் கரைசலும் அப்படித்தான். செத்த மகரந்தத்தை அது எழுப்பாது. மாசியில் விதைத்த தக்காளிக்கு இப்போது மூன்றரை மாதம், அதன் ஆயுள் ஏறக்குறைய முடிந்துவிட்டது. செர்ரித் தக்காளி இருந்தால் மட்டும் விட்டுவையுங்கள், சின்னக் காய் ரகங்கள் இந்தச் சூட்டிலும் கொஞ்சம் பிடிக்கும்.

கைவசம் காய் இருக்கிற செடியைப் பிடுங்கும் முன் ஒன்று. தக்காளி செடியிலேயே சிவக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். 30 டிகிரிக்கு மேல் போனால் அந்தச் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது, பழம் மஞ்சளும் ஆரஞ்சுமாகவே நின்றுவிடும். அதற்குள் அணில் வந்து ஒரு கடி கடித்துப் போட்டுவிடும், இல்லை ஒரு கோடை மழை கொட்டி மறுநாள் காலையில் காய் காம்பிலிருந்து வெடித்திருக்கும். பச்சை வெளுத்து லேசாக நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து, சமையலறையில் வெயில் படாத இடத்தில் வைத்தால் அங்கேயே நன்றாகச் சிவக்கும். அணில் பாதி நேரம் வருவது தண்ணீருக்காக. ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்துப் பாருங்கள், கடி குறையும். அடியோடு நிற்காது.

அடிப்பக்கம் கறுத்த காய்க்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் உங்கள் தோட்டத்தின் உண்மையான கோளாறு தெரிகிறது. பூ உதிர்ந்த நுனியில் முதலில் தண்ணீர்க் கோத்தது போல ஒரு வட்டம், பிறகு அது தோல் மாதிரிக் காய்ந்து கறுத்து உள்ளே குழியும். கிருமி இதில் இல்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். உடனே எல்லோரும் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். முட்டை ஓடு மக்கிக் கரைய மாதக்கணக்காகும். அதைவிட முக்கியம், மண்ணில் சுண்ணாம்பு இருந்தாலும் காய்க்கு வராது என்பது. அந்தச் சத்து செடிக்குள் தண்ணீரோடு மட்டுமே நகரும். வெயிலில் இலைகள் ஆவியாக்குகிற வேகத்தில் தண்ணீர் எல்லாம் இலைக்கே போகிறது, காய்க்கு மிச்சம் வருவதில்லை. ஒருநாள் பை காய்ந்து, மறுநாள் வெள்ளம் போல ஊற்றினால் இன்னும் மோசம். தழைச்சத்து அதிகமாகிச் செடி கொழுத்தாலும் இதே கதை. மீன் அமிலம் தழைச்சத்து நிறைந்தது, வாரம் இரண்டு முறை என்றால் அதுவும் இங்கே ஒரு பங்காளி. கறுத்த காயைக் கிள்ளிவிடுங்கள். பெரிதாக இருந்தால் கறுத்த பாகத்தை வெட்டிவிட்டுச் சமைக்கலாம், கெடுதல் இல்லை.

‘நான் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேனே’ என்பீர்கள். ஊற்றுகிறீர்கள், சரி. பை குடிக்கிறதா? மாடித்தோட்டப் பைகளில் பாதிக்குமேல் தேங்காய் நார்த்தூள்தான். அது ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை லேசில் ஏற்காது. ஓரத்தில் சுருங்கி, பைக்கும் கலவைக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்திருக்கும். நீங்கள் ஊற்றுவது அந்த இடைவெளி வழியாக நேராக அடியில் இறங்கி, தட்டில் வழிந்துவிடும். தண்ணீர் வழிகிறது, ஆகவே நனைந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். இன்று மாலை ஊற்றி அரைமணி கழித்து ஒரு பையில் விரலை நடு மூட்டு வரை விட்டுப் பாருங்கள். மேலே ஈரம், உள்ளே புழுதியாக இருந்தால் விஷயம் இதுதான். அந்தப் பையை அகலமான டப்பில் நாலு அங்குலத் தண்ணீரில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள், கீழிருந்து ஊறி ஏறும். தூக்க முடியாத பை என்றால் ஒரே நேரத்தில் ஊற்றாமல் பத்து நிமிட இடைவெளியில் மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பிறகு காய்ந்த இலையோ, கரும்புச் சக்கையோ, தேங்காய் மட்டையோ இரண்டு அங்குலத்துக்கு மூடாக்குப் போட்டுவிடுங்கள். கோடையில் நான் எந்த உரத்தைவிடவும் மூடாக்கைத்தான் நம்புவேன்.

தண்ணீரின் சூடும் ஒரு பிரச்சினை. மாடியில் கிடக்கிற ரப்பர் குழாய்க்குள் தேங்கிய தண்ணீர் மாலை நாலு மணிக்குக் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். முதல் ஒரு நிமிடம் அதை வெளியே ஓடவிட்டுப் பிறகு செடிக்குத் திருப்புங்கள். கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி என்றால் சூரியன் இறங்கி நெடுநேரம் வரை தொட்டித் தண்ணீரே சுடும். காலை ஆறு மணித் தண்ணீர்தான் முழுத் தண்ணீர், மாலையில் ஊற்றுவது ஒப்புக்கு என்று வைத்துக்கொள்வது நல்லது. அப்புறம் உப்பு. கடலோரப் பகுதி போர்வெல் தண்ணீராக இருந்தால் பையின் விளிம்பிலும் கலவையின் மேலும் வெள்ளையாகப் பூத்திருக்கும். வெயிலில் தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் தங்குகிறது. பத்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரைப் பையின் அடியில் தாராளமாக வழியும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். ஏசியில் சொட்டும் தண்ணீருக்கு உப்புத் தொல்லை இல்லை, அதைச் சேர்த்து வைத்து இதற்குப் பயன்படுத்தலாம்.

மத்தியானம் செடி துவண்டு நிற்பதைப் பார்த்துப் பதறி ஊற்றுகிற பழக்கம் பலருக்கு உண்டு. பூசணி, பாகல், கத்தரி எல்லாம் உச்சி வெயிலில் இலையைத் தொங்கப் போட்டுவிட்டு ஐந்தரை மணிக்குத் தானாக நிமிரும். நிமிர்ந்தால் விட்டுவிடுங்கள். காலையிலும் துவண்டே இருந்தால்தான் கவலை. தண்ணீர் இருந்தும் காலையிலேயே துவண்டு நிற்கிற தக்காளியோ கத்தரியோ இருந்தால், அடித்தண்டை ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் இழை போல வெள்ளையாக இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தச் செடியையும் பை மண்ணையும் சேர்த்தே அப்புறப்படுத்த வேண்டும்.

நிழல்வலை போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தும் சொல்கிறேன். போடலாம். காய்கறிக்கு 35 சதவீதம் நல்லது, கடையில் 50தான் கிடைக்கிறது என்றால் அதையும் போடலாம். 75 சதவீத வலை போட்டுவிட்டு, செடி பூக்கவே இல்லை என்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நாற்றுக்கும் கீரைக்கும் சரி.

இனி பாகலும் புடலையும். பிஞ்சு மஞ்சளாகி விழுந்தாலே பழ ஈ என்று தீர்ப்புச் சொல்வது வழக்கம். பழ ஈ கடுமையான வறண்ட வெயிலில் குறைவாகத்தான் இருக்கும், மழை தொடங்கினால்தான் பெருகும். அதனால் கோடையில் உதிர்கிற பிஞ்சில் பெரும்பாலானவை மகரந்தம் சேராதவை. எது என்று கண்டுபிடிப்பது சுலபம். விழுந்த பிஞ்சைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே வெண்ணிறப் புழு நெளிந்தால், அல்லது தோலில் ஊசி குத்திய புள்ளியும் அதில் பிசின் மாதிரி ஒரு துளியும் இருந்தால் பழ ஈ. ஒன்றுமே இல்லாமல் பிஞ்சு சுண்டுவிரல் அளவிலேயே நுனியிலிருந்து பழுத்துச் சுருங்கியிருந்தால் மகரந்தம் சேரவில்லை.

கொடிக் காய்கறிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. வெயிலும் நீண்ட பகலும் ஆண் பூவையே அதிகமாக்கும். தழைச்சத்து கூடினாலும் அப்படித்தான், மறுபடியும் அந்த மீன் அமிலம். இருக்கிற சில பெண் பூவுக்கும் நான்காவது மாடியில் தேனீ ஏறி வர வேண்டும். அதுவும் வேப்பெண்ணெய் நாற்றமடிக்கும் தோட்டத்துக்கு. ஆகவே நீங்களே தேனீ வேலையைச் செய்துவிடுங்கள். ஆனால் எந்தப் பூ எப்போது விரியும் என்று தெரியாமல் எல்லாக் கொடிக்கும் காலை ஏழு மணிக்குத் தூரிகையோடு போவதில் பயனில்லை. பாகல், வெள்ளரி, பூசணி காலையில் விரியும். பூசணி ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடிக்கொள்ளும். பீர்க்கும் சுரையும் சாயங்காலம் விரிகிறவை. புடலையும் அந்தி சாய்ந்தபிறகுதான், வெள்ளை இதழின் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரித்துக்கொண்டு. அவற்றைத் தேடி வருவது தேனீயைவிட அந்துப்பூச்சிதான். மாலை ஏழு மணிக்கு ஒரு டார்ச்சோடு போங்கள். அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவிலிருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் முடியில் லேசாகத் தேயுங்கள். பெண் பூவின் கீழே குட்டிப் புடலங்காய் ஒன்று முன்பே இருக்கும், தேட வேண்டியதில்லை. இரண்டு நாளில் அந்தப் பிஞ்சு தலை குனிந்து நீள ஆரம்பித்தால் பிடித்துவிட்டது. ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். பிடித்தால் கொடியை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுகூட நிற்கவில்லை என்றால் வெட்டிவிடுங்கள். புடலையின் நுனியில் கல் கட்டுகிற பழக்கம் இருக்கிறதே, அது காய் வளையாமல் நேராக வளர்வதற்கு. விழுகிற பிஞ்சை அது காப்பாற்றாது.

பழ ஈதான் என்று உறுதியானால் அதற்கு வேறு வேலை. விழுந்த பிஞ்சுகளை ஒன்று விடாமல் பொறுக்கி, பிளாஸ்டிக் கவரில் கட்டி நாலு நாள் வெயிலில் போடுங்கள். நேராக உரக்குழியில் போட்டால் புழு அங்கே கூட்டுப்புழுவாகித் திரும்ப வரும். அது மண்ணுக்குள்தான் கூடு கட்டும் என்பதால் கொடியின் கீழே இருக்கும் பைகளின் மேல்மண்ணையும் கிளறிக் காயவிடுங்கள். பாகல் பிஞ்சு விரல் நீளம் ஆனதும் செய்தித்தாளில் ஒரு குழல் செய்து மாட்டிவிடலாம், மாடித்தோட்ட அளவுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. பொறி வாங்குவதானால் கடையில் கேட்டு வாங்குங்கள். மாம்பழ ஈக்கு வைக்கிற மெத்தில் யூஜினால் பொறிக்குக் கொடிக்காய் ஈ வராது, அதற்கு கியூலூர் என்கிற வேறு கவர்பொருள் வேண்டும். மாற்றி வாங்கி மாட்டிவிட்டு ‘பொறி வேலை செய்யவில்லை’ என்பவர்கள் நிறைய. சரியான பொறியும் ஆண் ஈயைத்தான் பிடிக்கும், அதனால் காகிதக் குழலை விட்டுவிடாதீர்கள்.

சுரையும் வெள்ளரியும் வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. வெயிலிலும் தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் வளர்ந்த காயில் சில சமயம் கசப்பு ஏறும். வெட்டியதும் ஒரு துளி நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள். சுரைக்காய் கசந்தால் குப்பையில் போடுங்கள். கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து உயிர் போன சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. சமைத்தால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், போகாது.

வெண்டைக்கு வருவோம். மஞ்சளில் இரண்டு வகை உண்டு. அடி இலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க, நடுவிலுள்ள பகுதி மஞ்சளானால் அது சத்துக் குறைவு. நரம்பு மஞ்சளாகி, நடுப்பகுதி பச்சையாக, குருத்து இலையில் மஞ்சள் வலை விரித்தது போல இருந்தால் மஞ்சள் நரம்புத் தேமல், வெள்ளை ஈ கொண்டு வருகிற வைரஸ். காயும் வெளிறிப் போயிருக்குமே? சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ஆனால் நாராக இருக்கும். இந்தச் செடி தேறாது. பக்கத்துச் செடிக்கு வெள்ளை ஈ எடுத்துப் போவதற்குள் பிடுங்க வேண்டும். விடிகாலையில், ஈ மந்தமாக இருக்கும்போது, செடி மேல் ஒரு பெரிய கவரைக் கவிழ்த்து, சேர்த்துக் கட்டிப் பிடுங்குங்கள். மத்தியானம் உலுக்கிப் பிடுங்கினால் வெள்ளை ஈ எல்லாம் பறந்து மிளகாயில் உட்காரும். அடுத்த முறை விதை வாங்கும்போது தேமல் தாங்கும் ரகமா என்று கேளுங்கள். அர்கா அனாமிகா அப்படித்தான் வந்தது, இப்போது அதுவும் பல இடங்களில் முன்போலத் தாங்குவதில்லை.

கத்தரிதான் உங்கள் தோட்டத்தின் சொத்து. குருத்து தலை சாய்ந்திருந்தால் அதற்குள் புழு இருக்கிறது, காயைத் துளைப்பதும் அதே புழுதான். உள்ளே போன புழுவை மேலே அடிக்கிற எந்த எண்ணெயும் தொடாது. சாய்ந்த குருத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, ஓட்டை விழுந்த காய்களையும் பறித்து அழித்துவிடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று: கவாத்து. செடியை ஏறக்குறைய ஒரு அடி உயரத்தில், மூன்று நாலு கிளை மட்டும் விட்டு, நல்ல கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். இரண்டு கை மண்புழு உரம், மூடாக்கு, பத்து நாள் அரை நிழல். மறுதாம்பு துளிர்த்து ஆவணியில் காய்க்கும், புதுச் செடியைவிட முந்தியே. ஆனால் இலைகள் மிகச் சின்னதாகி, கொத்துக் கொத்தாக, பூவே இல்லாமல் நிற்கிற செடி இருந்தால் அது சிற்றிலை நோய். அதை வெட்டித் துளிர்க்கவைக்க நினைக்காதீர்கள், பிடுங்கிவிடுங்கள்.

மிளகாயில் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். கோடையில் பெரும்பாலும் முதலாவது. இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதை வாரம் மூன்று முறை அதிகாலையில் செய்தாலே பாதி குறையும். அதற்கும் அடங்கவில்லை என்றால் மட்டும் வேப்பெண்ணெய், பொழுது சாய்ந்த பிறகு. சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் உண்டு, ஆனால் 35 டிகிரி வெயிலில் கந்தகம் அடித்தால் இலை வெந்துவிடும், சூடு தணியும்வரை பொறுங்கள். சுருண்ட நுனிகளைக் கிள்ளிவிட்டுச் செடியை விட்டுவையுங்கள். மிளகாய் இரண்டு வருடம்கூட நின்று காய்க்கும்.

காலியாகும் பைகளை என்ன செய்வது? தக்காளியையும் வெண்டையையும் பிடுங்கும்போது வேரைப் பாருங்கள். மணி கோத்தது போல முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்தக் கலவையைக் கொட்டி, லேசாக நனைத்து, மாடியில் அரை அடிக்கு மிகாமல் பரப்பி, நிறமில்லாத பிளாஸ்டிக் தாளால் ஓரம் காற்றுப் புகாமல் மூடி, நான்கிலிருந்து ஆறு வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் அந்த அளவுக்குச் சூட்டை உள்ளே சேர்க்காது. தோட்டத்தில் மற்ற எல்லாவற்றையும் கெடுத்த வெயில் இந்த ஒரு வேலையை இலவசமாகச் செய்து தரும். தாளை எடுத்தபிறகு தொழு உரத்தோடு டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் என்கிற நல்ல நுண்ணுயிர்களைக் கலந்து வையுங்கள், சூட்டில் நல்ல நுண்ணுயிரும் போயிருக்கும். முடிச்சு இல்லாத பைகளைக் காயவிட வேண்டியதில்லை. தண்டுக்கீரை, கொத்தவரை, காராமணி தூவிவிடுங்கள், இவை இந்த வெயிலுக்குப் பிறந்தவை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நேரடியாக விதைக்கிறவற்றுக்குச் சரி. நாற்று விட்டு நடுபவற்றுக்கு ஆடி வரை காத்திருந்தால் நடும்போது ஆவணி வந்துவிடும். ஆடி முதல் தேதி ஜூலை 17 வாக்கில் வரும். மிளகாய் நாற்றுக்கு 40, 45 நாள், கத்தரிக்கு 30, 35, தக்காளிக்கு 25. அப்படியென்றால் புது மிளகாய் வேண்டுமானால் விதையைக் குழித்தட்டில் இந்த வாரமே போட வேண்டும், கத்தரியை ஆனி முதல் வாரத்தில், தக்காளியை ஆனி பத்துக்கு மேல். வெண்டை, அவரை, கொடிகளை ஆடியிலேயே நேராக ஊன்றலாம். பட்டு அவரை கொடி மட்டும் ஓடி ஐப்பசி வரை பூக்காமல் நின்றால் உரம் போடாதீர்கள், பகல் குறுகினால்தான் அது பூக்கும்.

குழித்தட்டை 50 சதவீத நிழலில் வையுங்கள். நாற்றுப் பருவத்தில் வெள்ளை ஈ கடித்தால் செடி வாழ்நாள் முழுக்கச் சுருண்டே கிடக்கும் என்பதால், நாலு குச்சி நட்டு மேலே வலை போட்டு மூடுங்கள். வீட்டிலிருக்கும் கொசுவலை உதவாது, அதன் ஓட்டை வழியாக வெள்ளை ஈ சாவகாசமாக நுழையும். நாற்றங்கால் சாமான் விற்கிற கடையில் 40 மெஷ் பூச்சிவலை என்று கேட்டு இரண்டு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.